விறகுக் கட்டைக் காளானில் மரபியல்: குக்கரும் ஊசியும் வைத்துச் செய்து பார்ப்பது எப்படி

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் விறகு காயாது. வீட்டுக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் சீகை (வாட்டில் மரம்) கட்டைகளில் அந்த மாதத்தில்தான் சாம்பல் கலந்த வெள்ளையில், நகத்தளவு விசிறிகளாக, காளான்கள் வரிசையாகக் கிளம்பும். அம்மா அதைக் கத்தியால் சுரண்டிப் போட்டுவிட்டுத்தான் கட்டையை அடுப்பில் வைப்பார். சுரண்டிப் போட்டதை நான் பொறுக்கிக் காகித உறையில் போட்டுக்கொள்வேன். "இதுல என்னதான் இருக்கு புள்ள?" என்று அம்மா கேட்ட கேள்விக்கு நான் கொடுத்துக்கொண்டிருக்கிற நீண்ட பதில்தான் என் வேலை.

கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆராய்ச்சி, காளான்களின் மரபியல். காளான் தாவரமே இல்லை. ஆனால் நம் ஊரில் அதைத் தாவரவியல் துறைதான் காலங்காலமாகச் சுமந்து வந்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வகத்தில் டி. எஸ். சதாசிவன், சி. வி. சுப்பிரமணியன் போன்றவர்கள் பூஞ்சைகளுக்கென்றே ஒரு தலைமுறையை உருவாக்கினார்கள். அந்த வரிசையில் படித்தவர்களிடம் படித்தவள் நான்.

மரபியல் என்றதும் பெரிய கருவி வேண்டும், பெரிய ஊர் வேண்டும் என்று மாணவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அது எனக்கு வருத்தம். ஒரு காளானின் பிள்ளைகளைப் பிரித்து, யார் யாரோடு சேர்கிறார்கள் என்று பார்த்து, அதிலிருந்து மரபணுவின் கணக்கைக் கண்டுபிடிப்பதை வீட்டுச் சமையலறையில் செய்யலாம். வெளியில் வாங்கவேண்டிய பெரிய பொருள் 400 மடங்கு காட்டும் நுண்ணோக்கி ஒன்றுதான். அதையும் கல்லூரியில் கேட்டால் தருவார்கள்.

ஏன் இந்தக் காளான்

இதன் பெயர் ஸ்கைசோபில்லம் கம்யூன். மேல்பக்கம் கம்பளி போல முடி இருக்கும். திருப்பிப் பார்த்தால் விசிறி மடிப்பு போலச் செவுள்கள். ஒவ்வொரு செவுளின் விளிம்பும் நெடுக இரண்டாகப் பிளந்திருக்கும், இதுதான் அடையாளம். காய்ந்தால் அந்தப் பிளவு இரண்டு பக்கமும் சுருண்டு வித்து (ஸ்போர்) உண்டாகும் பரப்பை மூடிக்கொள்ளும். நனைந்தால் மறுபடி விரியும். அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் இருக்கிறது.

ஊட்டிப் பக்கத்து மாணவர்கள் பலருக்கு வீட்டிலேயே மொட்டுக் காளான் கொட்டகை இருக்கும். "மிஸ், எங்க வீட்டுக் காளானையே எடுத்துக்கலாமே?" என்பார்கள். முதல் முயற்சிக்கு அது வேண்டாம். மொட்டுக் காளானின் பெரும்பாலான வித்துகளில் இரண்டு உட்கருக்கள் ஜோடியாகவே இருக்கும். ஒற்றை வித்தை எடுத்து வளர்த்தாலே காளான் பூத்துவிடும். எது எதோடு சேரும் என்று சோதிக்க அங்கே இடமே இல்லை.

நம் விறகுக் காளான் அப்படி இல்லை. அதன் ஒரு வித்து தனியாக முளைத்தால் பஞ்சு போல இழை மட்டும் வளரும், காளான் பூக்காது. பூக்க வேண்டுமானால் தனக்குப் பொருந்தும் இன்னொரு இழையைச் சந்திக்க வேண்டும். பொருத்தத்தை முடிவு செய்வது ஏ, பி என்று இரண்டு மரபணு இடங்கள். இரண்டிலும் இருவரும் வேறுபட்டிருந்தால்தான் சேர்க்கை முழுமையாகும். ஆண், பெண் என்று இரண்டு வகை மட்டும் பார்த்துப் பழகிய நமக்கு இதன் கணக்கு மலைப்பாக இருக்கும். ஏ-யில் 288 வகை, பி-யில் 81 வகை இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். பெருக்கினால் 23,328 இணைவகைகள்.

காளான்களில் இப்படித் தனி வித்து தனக்குத்தானே போதாது, துணை வேண்டும் என்பதை 1918-இல் பாரிசில் மத்தில்த் பென்சோட் என்ற பெண் வேறொரு காளானில் காட்டினார். 1920-இல் ஜெர்மனியில் ஹான்ஸ் க்னீப் இந்த விறகுக் காளானில் இரண்டு இடங்களின் கணக்கைப் பிரித்தார். பிறகு ஹார்வர்டில் ஜான் ரேப்பர் வாழ்நாள் முழுக்க இதோடு இருந்தார். அவர் 1974-இல் இறந்தபின் அவர் மனைவி கார்டி ரேப்பர் ஐம்பது வயது கடந்து முனைவர் பட்டம் பெற்று, அந்த மரபணுக்களையே பிரித்தெடுக்கும் வேலையில் இறங்கினார். என்னிடம் வருகிற மாணவிகளுக்கு இதைச் சொல்லாமல் நான் முதல் வகுப்பை முடிப்பதில்லை.

பொறுக்குவது

சோலைக்குள் போகாதீர்கள். காப்புக்காட்டில் எதை எடுக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும், அது இல்லாமல் ஒரு குச்சியைக்கூட எடுக்கக் கூடாது. தேவையும் இல்லை. விறகு அடுக்கு, வேலிக்கால், வெட்டிப் போட்ட கற்பூர மரத் (யூகலிப்டஸ்) துண்டு எல்லாவற்றிலும் இது இருக்கும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் என்றால் அக்டோபர், நவம்பர் மழைக்குப் பின்னும், கூடலூர், பந்தலூர்ப் பக்கம் என்றால் தென்மேற்குப் பருவத்திலும் தேடுங்கள்.

ஒரு கொத்து, ஒரு உறை. உறையின் மேல் தேதி, ஊர், என்ன மரம், கட்டையின் எண். பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வியர்த்து அழுகிவிடும். வீட்டுக்கு வந்ததும் நிழலில் உலர்த்தி வையுங்கள்.

இன்னொன்று. இதன் வித்து எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் நுரையீரலிலும் சைனஸிலும் தொற்றாக வளர்ந்ததுண்டு. ஆஸ்துமா உள்ளவர்களும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களும் இந்த வேலையில் இறங்க வேண்டாம். மற்றவர்கள் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

குக்கரும் மலை உயரமும்

காளான் இழைக்குச் சாப்பாடு, உருளைக்கிழங்குக் கஞ்சிதான். 200 கிராம் உருளைக்கிழங்கைத் தோல் சீவி, துண்டு போட்டு, அரை மணி நேரம் வேகவைத்து வடிகட்டுங்கள். வடித்த நீரில் 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், 20 கிராம் அகர் சேர்த்து 1 லிட்டர் ஆக்குங்கள். அகர் கிடைக்காவிட்டால் கடல்பாசி என்றும் சைனா கிராஸ் என்றும் மளிகைக் கடையில் விற்பதும் அதேதான். கொஞ்சம் கூடுதலாகப் போட வேண்டியிருக்கும்.

நான்கு கண்ணாடிக் குப்பிகளில் கால் கால் லிட்டராக ஊற்றி, பஞ்சு அடைத்து, மேலே காகிதம் கட்டி, குக்கரில் வையுங்கள். மலையில் இருக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்தேன். புத்தகத்தில் 121 டிகிரியில் 15 நிமிடம் என்றிருந்தது. சென்னையில் படித்தபோது அப்படித்தான் செய்தேன், ஒருநாளும் கெடவில்லை. இங்கே வந்து அதே 15 நிமிடம் வைத்தேன். மூன்றாம் நாள் பாதித் தட்டுகளில் வழவழவென்று பாக்டீரியா படர்ந்திருந்தது. கை சுத்தமில்லையோ, பஞ்சு சரியில்லையோ என்று ஒரு மாதம் எதை எதையோ மாற்றிப் பார்த்தேன்.

காரணம் மலை. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். குக்கரின் குண்டு, வெளிக்காற்றுக்கு மேல் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தத்தைக் கூட்டுகிறது, அவ்வளவுதான். வெளிக்காற்றின் அழுத்தமே இங்கே குறைவு என்பதால் உள்ளே மொத்த அழுத்தமும் குறையும். கடற்கரை ஊரில் 120 டிகிரி தொடுகிற அதே குக்கர் இங்கே 117 அளவில் நின்றுவிடும். மூன்று நான்கு டிகிரி சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் வெப்பத்தைத் தாங்கும் பாக்டீரியா வித்துகளுக்கு அந்த வித்தியாசம் இரண்டு மடங்கு நேரத்துக்குச் சமம்.

ஆகவே விசிலை எண்ணாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். குண்டு தூக்கியபின் தீயைக் குறைத்து 45 நிமிடம். உள்ளே தண்ணீர் வற்றாத அளவு முதலிலேயே ஊற்றிக்கொள்ளுங்கள். அணைத்தபின் குண்டைத் தூக்கி ஆவியை விடவே கூடாது. குப்பிக்குள் கஞ்சி பொங்கிப் பஞ்சை நனைத்துவிடும், நனைந்த பஞ்சு வழியாகக் கிருமி போகும். தானாக இறங்கட்டும்.

இந்தக் கஞ்சியை ஊற்றி உறையவைக்கும், மூடியோடு வருகிற வட்டக் கண்ணாடிப் பெட்ரித் தட்டுகளையும் காகிதத்தில் சுற்றி இதே போல வேகவைத்துக் காயவைத்துக்கொள்ளுங்கள். ஊற்றும்போது ஜன்னலை மூடி, மின்விசிறியை நிறுத்தி, ஸ்பிரிட் விளக்கின் அருகில் வைத்து ஊற்றுங்கள். மேசையை ஸ்பிரிட்டால் துடைத்தால் அது முழுக்கக் காய்ந்த பிறகே விளக்கு. ஒருமுறை ஒரு மாணவியின் துப்பட்டா முனையில் தீ பிடித்துக்கொண்டது. உடனே அணைத்துவிட்டோம். அன்றிலிருந்து தலைமுடி கட்டாமல், துப்பட்டாவைப் பின்னால் முடியாமல் யாரையும் நான் உட்காரவிடுவதில்லை.

ஒற்றை வித்து

காய்ந்த காளானை ஈரப் பஞ்சின் மேல் இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். சுருண்டிருந்த செவுள்கள் மெல்ல விரிவதைக் கைலென்ஸ் வழியாகப் பாருங்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது அலுக்கவில்லை.

விரிந்த காளானிலிருந்து சின்னத் துண்டு வெட்டி, முடிப்பக்கத்தில் வாஸ்லின் தடவி, தட்டின் மூடிக்குள் ஒட்டுங்கள். செவுள் கீழ் நோக்கி அகரைப் பார்க்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை மூடியைக் கால் வட்டம் திருப்புங்கள். அகரின் மேல் மூச்சுப்பட்ட கண்ணாடி போல மங்கலான திட்டுகள் விழும். அதுதான் வித்து. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 மைக்ரான் நீளம், ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மங்கலான திட்டாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், அடர்ந்த திட்டு வேண்டாம்.

அந்தத் திட்டை வேகவைத்து ஆறிய நீரில் கழுவி எடுத்து, பத்து மடங்கு, நூறு மடங்கு என்று நீர்க்கவைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு புதுத் தட்டில் பரப்புங்கள். இனி சூடு வேண்டும். இந்தப் பூஞ்சைக்கு 28 முதல் 30 டிகிரி பிடிக்கும். கார்த்திகை மாதக் கோத்தகிரி இரவில் அது சுருண்டு படுத்துவிடும். தெர்மாகோல் பெட்டிக்குள் ஒரு சின்னக் குண்டு பல்பு, ஒரு வெப்பமானி, மூடியில் இரண்டு ஓட்டை. கோழிக்குஞ்சை வைத்துக் காப்பாற்றுவது போலத்தான்.

ஒன்றரை நாளில் முளைத்திருக்கும். நுண்ணோக்கியில் பார்த்து, பக்கத்தில் வேறு எதுவும் இல்லாமல் தனியாக நிற்கிற முளையைத் தேடி, தட்டின் அடியில் மையால் புள்ளி வையுங்கள். பொறுமை இங்கேதான் தேவை. இரண்டு வித்து ஒட்டி முளைத்திருந்தால் பின்னால் வருகிற கணக்கு முழுக்கப் பொய்யாகிவிடும். காய்ச்சி ஆறவைத்த ஊசியால் அந்த முளையை அகரோடு சேர்த்து வெட்டித் தனித் தட்டுக்கு மாற்றுங்கள்.

எத்தனை வித்து எடுப்பது? ஒரு காளானில் ஏ-யில் இரண்டு வகையும் பி-யில் இரண்டு வகையும் சேர்ந்திருக்கும், அதனால் அதன் பிள்ளைகளில் நான்கு இணைவகைகள் இருக்கும்: ஏ1 பி1, ஏ2 பி2, ஏ1 பி2, ஏ2 பி1. நான்கும் சம அளவில் வரும். 8 வித்து எடுத்தால் ஏதோ ஒரு வகை விட்டுப்போக ஏறக்குறைய பத்தில் நாலு வாய்ப்பு இருக்கிறது. 12 எடுத்தால் அது எட்டில் ஒன்றாகக் குறைகிறது. 12 எடுங்கள்.

அறுபத்தாறு கலப்புகள்

பன்னிரண்டு பேரையும் ஒருவரோடு ஒருவர் சேர்த்தால் 66 ஜோடிகள். ஒரு ஜோடிக்கு ஒரு சின்னத் தட்டு. நடுவில் இரண்டு பேரின் துண்டையும் அரை சென்டிமீட்டர் இடைவெளியில் வையுங்கள். தட்டின் அடியில் இருவர் எண்ணும் தேதியும் எழுதுங்கள். மூடியில் எழுதக் கூடாது, மூடி மாறிவிடும். பெட்டிக்குள் ஐந்தாறு நாள்.

முதலில் வெறும் கண்ணால் பாருங்கள். சில தட்டுகளில் இரண்டும் பஞ்சாக வளர்ந்து ஒன்றோடு ஒன்று கலந்திருக்கும். சிலவற்றில் இரண்டுக்கும் நடுவில் இழை குறைந்த கோடு ஒன்று விழும். நாங்கள் அதை 'வேலி' என்று எழுதுவோம். இது ஏ வேறாகவும் பி ஒன்றாகவும் இருக்கும் ஜோடி. இன்னும் சிலவற்றில் பஞ்சே எழும்பாமல் அகரோடு ஒட்டிய மெல்லிய படலமாகக் கிடக்கும். அது 'தட்டை': ஏ ஒன்று, பி வேறு. இதற்குக் காரணம் உண்டு. உட்கருக்கள் எதிராளியின் இழைக்குள் பயணம் போவதை நடத்துவது பி. அது ஃபெரோமோன் என்ற வேதிச் செய்தியையும் அதை உணரும் ஏற்பியையும் உண்டாக்கும் இடம். போன உட்கருவை அங்கிருப்பதோடு ஜோடி சேர்த்துவைப்பது ஏ. அது மற்ற மரபணுக்களை இயக்கும் புரதத்தை உண்டாக்குகிறது. பி ஒன்றாக இருந்தால் பயணமே நடக்காது. ஏ ஒன்றாக இருந்தால் பயணம் நடக்கும், ஜோடி சேராது.

கண்ணை மட்டும் நம்பாதீர்கள். சந்திப்புக் கோட்டிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி, இரண்டு பக்கத்திலும் தனித்தனியாக இழை எடுத்து, ஒரு சொட்டு நீரில் கவர்ஸ்லிப் போட்டு 400 மடங்கில் பாருங்கள். பொருந்திய ஜோடியாக இருந்தால் இழையில் அறைச்சுவர் இருக்கிற இடத்திலெல்லாம் பக்கவாட்டில் ஒரு சின்ன வளைவு ஒட்டியிருக்கும், வாளியின் கைப்பிடி போல. இதுதான் கிளாம்ப். நுனி அறை இரண்டாகும்போது உள்ளே இருக்கும் இரண்டு உட்கருக்களும் இரண்டிரண்டாகும். அதில் ஒன்று இந்த வளைவு வழியாகச் சுற்றிப் பின் அறைக்குப் போகும். அதனால் முன் அறையிலும் பின் அறையிலும் இரு வீட்டாரின் உட்கருவும் ஒவ்வொன்று இருக்கும். அம்மா வழி ஒன்று, அப்பா வழி ஒன்று, கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில். ஃபோகஸ் திருகியை மயிரிழை அளவு முன்னும் பின்னும் திருப்பினால் வளைவுக்குள் இருக்கிற ஓட்டைகூடத் தெரியும். முதல் தடவை அதைப் பார்த்த மாணவி ஒருத்தி, "மிஸ், ஒவ்வொரு சுவத்துலயும் இருக்கு மிஸ்!" என்று கத்திவிட்டாள். அன்று நாங்கள் ஏழு மணி வரைக்கும் வீட்டுக்குப் போகவில்லை.

ஒரு தடவை எனக்கு வந்த கணக்கு இது: கிளாம்ப் 18, தட்டை 18, வேலி 17, எதுவும் நடக்காதது 13. மொத்தம் 66. இதிலிருந்து வகை பிரிப்பது குறுக்கெழுத்துப் போடுவது மாதிரி. முதல் வித்துக்கு ஏ1 பி1 என்று நீங்களாகவே பெயர் வையுங்கள். அதோடு கிளாம்ப் போட்டவர்கள் ஏ2 பி2. தட்டையானவர்கள் ஏ1 பி2. வேலி போட்டவர்கள் ஏ2 பி1. எதுவும் நடக்காதவர்கள் முதல் வித்தின் வகையே. பிறகு மற்ற ஜோடிகள் அத்தனையும் அதோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். எனக்கு நான்கு, மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிந்தது, 66-உம் ஒத்துப்போயின. ஒரே ஒரு ஜோடி முரண்பட்டாலும் அந்தக் கலப்பை மறுபடி போடுங்கள். பெரும்பாலும் எண் மாறி எழுதியிருப்போம், அல்லது ஒற்றை வித்து என்று நினைத்தது இரண்டாக இருக்கும்.

அப்புறம் வேறு ஊர்க் காளானைக் கொண்டுவாருங்கள். மேட்டுப்பாளையத்தில் ஒரு மாமரக் கட்டையில் எடுத்ததிலிருந்து நான்கு வகையையும் பிரித்து, கோத்தகிரியின் நான்கோடு சேர்த்தேன். 16 தட்டிலும் கிளாம்ப். கூடப் பிறந்தவர்களுக்குள் நாலில் ஒன்றுதான் பொருந்தும், ஊர் விட்டு ஊர் போனால் ஏறக்குறைய எல்லாமே பொருந்தும். வகைகள் 23,000-க்கு மேல் இருப்பதன் பலன் இது. காற்றில் எவ்வளவு தூரம் போய் விழுந்தாலும் அந்த வித்துக்குத் துணை கிடைக்கும்.

இதன் முழு மரபணுத் தொகுதி 2010-இல் வெளிவந்துவிட்டது, 3.85 கோடி எழுத்துகள். உங்கள் காளானின் டி.என்.ஏ.-வை அனுப்பி இனத்தை உறுதிப்படுத்திக்கொள்ள விரும்பினால் செய்யுங்கள், நல்லதுதான். அதை முதல் வேலையாக வைக்காதீர்கள். கலப்புப் போட்டுப் பார்த்த கைக்குத்தான் அந்த எழுத்துகள் என்ன சொல்கின்றன என்று புரியும்.

உண்ணி

எனக்குப் பெரிய இழப்பைக் கொடுத்தது கிருமி இல்லை, உண்ணி. தேயிலையில் சிவப்புச் சிலந்தி என்கிறோமே, அதன் உறவு. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. மழைக்காலத்தில் தட்டின் மூடிச் சந்து வழியாக நுழைந்து இழையைத் தின்னும், காலில் வித்தும் இழையும் ஒட்டிக்கொண்டு அடுத்த தட்டுக்கு நடந்து போகும். ஒரு வருடம் 40 தட்டுகளைக் குக்கரில் வேகவைத்துக் கொட்டினேன். எது எதன் கலப்பு என்று சொல்லவே முடியவில்லை.

அதற்குப் பிறகு அம்மா சொன்னதைச் செய்தேன். எறும்பு ஏறாமல் இருக்கச் சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் வைப்போம் இல்லையா, அதே மாதிரி பெட்டியின் நான்கு காலையும் எண்ணெய் ஊற்றிய கிண்ணங்களில் நிற்கவைத்தேன். பெட்டி சுவரைத் தொடக் கூடாது. தட்டின் விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டினேன். வெளியிலிருந்து கொண்டுவந்த கட்டையை வளர்ப்புகள் இருக்கும் அறைக்குள் விடுவதில்லை. இப்போது வருவதில்லை.

வைத்துக்கொள்வது

ஒவ்வொரு ஒற்றை வித்து வளர்ப்பிலும் இரண்டு பிரதி, சாய்வாக உறையவைத்த அகர்க் குழாயில், குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுக் குழாய்க்கு மாற்றுங்கள். வேலை முடிந்த தட்டு எதையும் வேகவைக்காமல் குப்பையில் போடாதீர்கள்.

பொருந்திய ஜோடித் தட்டுகள் இரண்டை மட்டும் எடுத்து, டேப்பைத் தளர்த்தி, வெயில் நேராக விழாத ஜன்னலோரம் வையுங்கள். வெளிச்சமும் காற்றும் கிடைத்தால் இரண்டு வாரம் போல அகரின் மேலேயே குட்டி விசிறிகள் வரும். நீங்கள் சேர்த்துவைத்த ஜோடியின் காளான் அது. அதிலிருந்து மறுபடி வித்து எடுக்கலாம், பேரப்பிள்ளைகளின் கணக்கு அங்கே தொடங்கும்.

பொறுக்கிய மூலக் காளானையும் தூக்கிப் போடாதீர்கள். வெற்றிடக் குழாயில் அடைத்து வைத்த இந்தக் காளான் 50 ஆண்டுகளுக்குப் பிறகு நனைத்ததும் விரிந்து வித்து உதிர்த்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். என்னிடம் வெற்றிடக் குழாய் இல்லை, அரிசி டப்பாவுக்குள் காகித உறைகள்தான். போன வாரம் 'சீகை, கட்டை 3, வீட்டுப் பின்புறம்' என்று எழுதிய நான்கு வருடத்து உறையைப் பிரித்து, இரண்டு துண்டை ஈரப் பஞ்சில் வைத்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது செவுள்கள் விரிந்திருந்தன. மூடியில் ஒட்டிவிட்டுப் படுத்தேன். காலையில் அகரின் மேல் அந்த மங்கலான திட்டு விழுந்திருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.